கறுப்பே அழகு, காந்தலே ருசி: ஏலமலை அடிவாரத்தில் ஒப்பனையின் கதை

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. "வெள்ளையா இருக்கிறவன் பொய் சொல்ல மாட்டான்" என்று இன்னொரு பேச்சும் உண்டு. இரண்டும் ஒரே ஊரில், சில சமயம் ஒரே வீட்டில், ஒரே வாயிலிருந்து வரும்! முகத்துக்கு என்ன பூசுவது, எது நமக்குப் பொருந்தும் என்று கடையில் போய் நிற்கும்போது இந்த இரண்டு பேச்சும் மனதுக்குள் மோதிக்கொள்கின்றன. பெரும்பாலும் இரண்டாவது பேச்சுதான் ஜெயிக்கிறது.

இது எப்போது தொடங்கியது? தமிழ்ப் பெண்கள் என்றைக்குமே வெளுப்பைத்தான் தேடினார்களா? பவுடரும் கிரீமும் வருவதற்கு முன் அவர்கள் எதைப் பூசினார்கள், எதற்காகப் பூசினார்கள்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேட நல்ல இடம் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூர். ஏனென்றால் நிறத்தைப் பார்த்து விலை சொல்வது அந்த ஊரின் அன்றாடத் தொழில்.

நிறத்துக்கு விலை சொல்லும் ஊர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் காலடியில் இருக்கிறது போடி. முந்தலைத் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டங்கள். மலையில் விளையும் ஏலக்காயில் பெரும்பகுதி போடிச் சந்தைக்கு வந்துதான் உலகத்துக்குப் போகிறது. ஸ்பைசஸ் போர்டின் ஏல மையங்களில் ஒன்றும் இங்கே இருக்கிறது. காய்க்குப் பெயரும் ஏலம், விற்கும் முறைக்குப் பெயரும் ஏலம். முதல் சொல் பழந்தமிழ்ச் சொல். இரண்டாவது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது.

ஏலத்துக்குப் போகும் முன் காயைத் தரம் பிரிக்க வேண்டும். இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சல்லடையில் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று அளவு பிரிப்பார்கள். பிறகு நிறம் பார்ப்பார்கள். நல்ல பச்சை ஒரு விலை, வெளுத்தது அதைவிடக் குறைந்த விலை. வெயிலில் காய வைத்தால் பச்சை வெளுத்துவிடும் என்பதால்தான் ஸ்டோரில் இளஞ்சூட்டில் உலர்த்துகிறார்கள். பச்சை நிற்பதற்காகச் சோடா உப்புக் கரைசலில் சில நிமிடம் போட்டு எடுப்பதும் உண்டு. இன்னும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று சாயம் ஏற்றும் மோசடியும் இந்த வணிகத்தில் நடந்திருக்கிறது. உணவுச் சட்டப்படி அது கலப்படம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு காலத்தில் இதே ஏலக்காயை வெள்ளையாக்கி விற்றார்கள். ஐரோப்பியச் சந்தையில் வெளுத்த ஏலக்காய்க்கு நல்ல கிராக்கி இருந்தது. கர்நாடகத்தின் ஹாவேரியில் பூந்திக்கொட்டை நீரில் கழுவியும், கந்தகப் புகை காட்டியும் காயை வெளுக்க வைத்தார்கள். காய் அதே காய்தான். வாங்குகிறவனுக்குப் பிடித்த நிறம் மாறியதும் நல்ல நிறம் எது என்பதும் மாறிவிட்டது. முகத்துக்கும் இதே கதைதான் நடந்தது.

மாமை அழகு, பசலை நோய்

சங்கப் பாடல்களைப் படித்தவர்களுக்கு 'மாமை' என்ற சொல் தெரிந்திருக்கும். மாந்தளிரின் நிறம், அதாவது மினுமினுக்கும் கருஞ்சிவப்பு. தலைவியின் அழகைச் சொல்லும்போது புலவர்கள் எடுத்தாளும் சொல் இது. இதற்கு எதிர்ச்சொல் போல நிற்பது 'பசலை'. தலைவன் பிரிந்து போனால் தலைவியின் உடலில் படரும் வெளிறிய நிறம் அது. வெள்ளிவீதியாரின் குறுந்தொகைப் பாடலில், தன் மாமை அழகைப் பசலை தின்று தீர்க்கிறதே என்று தலைவி வருந்துகிறாள். திருக்குறளில் 119ஆம் அதிகாரம் முழுக்கப் பசலையின் துன்பம்தான்.

கவனியுங்கள்: நிறம் குறைந்து வெளிறிப் போவது அங்கே அழகு இல்லை, அது நோய்! பொன் போன்ற மேனியைப் பாடிய பாடல்களும் உண்டுதான். ஆனால் தன் நிறத்தைவிட இரண்டு பங்கு வெளுக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட தலைவியை அங்கே பார்ப்பது கடினம்.

அப்படியானால் அவர்கள் ஒப்பனையே செய்துகொள்ளவில்லையா? நிறையச் செய்துகொண்டார்கள். சந்தனம் பூசினார்கள். அகில் புகையில் கூந்தலை உலர்த்தினார்கள். தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் என்ற கோலம் எழுதினார்கள். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி கோவலனுக்காகத் தன்னை அலங்கரித்துக்கொள்ளும் பகுதி, ஒப்பனை வரலாற்றுக்கு ஒரு புதையல். பத்து வகைத் துவர், ஐந்து வகை விரை, முப்பத்திரண்டு வகை ஓமாலிகை ஆகியவை ஊறிய வாசனை நீரில் அவள் கூந்தலைக் கழுவுகிறாள். இந்த முப்பத்திரண்டும் எவை என்று உரையாசிரியர் அடியார்க்குநல்லார் தரும் பட்டியலில் இலவங்கம், கச்சோலம், நன்னாரி இவற்றோடு ஏலமும் இருக்கிறது. இன்றைக்குப் பாயசத்துக்கும் டீக்கும் போகும் ஏலக்காய், அன்றைக்குத் தமிழ்நாட்டின் ஒப்பனைப் பொருட்களில் ஒன்று!

கிரேக்க, ரோமானிய நாடுகளிலும் 'கார்டமோமம்' என்ற பொருளை வாசனைத் தைலங்களில் சேர்த்தார்கள். அது நம் ஏலம்தானா, வேறு செடியா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எப்படியானாலும் பழைய ஒப்பனையின் நோக்கம் தெளிவாகவே தெரிகிறது. வாசனை தருவது, குளிர்ச்சி தருவது, கோலம் எழுதுவது, இருக்கும் நிறத்தை மினுக்குவது. நிறத்தை அழிப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

அடுக்களையும் விளக்குத் திரியும்

போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கத்துக் கிராமங்களில் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுவதுமே ஒப்பனைப் பொருட்கள் நெடுங்காலம் வீட்டில் செய்தவைதான். மஞ்சள், மை, சாந்து, குங்குமம், மருதாணி. ஒவ்வொன்றுக்குள்ளும் நல்ல வேதியியல் இருக்கிறது.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்தால் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாகிறது அல்லவா? குங்குமத்தின் ரகசியமும் அதுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும். வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துச் செய்யும் முறையும் உண்டு. இப்படிச் செய்த குங்குமம் அடர் சிவப்பில், கொஞ்சம் அரக்கு கலந்தது போல இருக்கும். மாநிற நெற்றியில் அது எடுப்பாகத் தெரியும். கடையில் கிடைக்கும் பளீர் சிவப்புப் பொடிகளில் பல வெறும் சாயப் பொடி. அந்தச் சாயங்களால் நெற்றியில் அரிப்பும் கருந்திட்டும் வருவதைத் தோல் மருத்துவர்கள் பல காலமாக எழுதி வருகிறார்கள்.

கண் மைக்கு, கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்துக் காய வைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். மேலே கவிழ்த்த பாத்திரத்தில் படியும் புகைக்கரியை விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைத்தால் மை தயார். வட இந்தியாவின் சுர்மா வேறு வகை. அதன் பழைய மூலப்பொருள் காரீயத் தாது. ஈயம் உடலுக்குள் போனால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த நிறமிகளை ஒப்பனைப் பொருட்களில் சேர்க்கக் கூடாது என்று இந்தியச் சட்டம் சொல்கிறது. 1938இல் தொடங்கிய சென்னை அரவிந்த் லேபரட்டரீஸ் 'ஐடெக்ஸ்' மையை டப்பாவில் அடைத்து விற்றபோது, வீட்டு விளக்கிலிருந்து மை கடைக்கு வந்தது.

சாந்துப் பொட்டுக்கு ஜவ்வரிசியைக் கருக வறுத்துத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கொட்டாங்கச்சியில் ஊற்றிக் காய வைப்பார்கள். வேண்டும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தொட்டு இட்டுக்கொள்ளலாம். இதன் இடத்தை இன்று ஸ்டிக்கர் பொட்டு பிடித்துவிட்டது. அதன் பசையில் சில சமயம் சேரும் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற பொருள் நிறமிச் செல்களையே கொன்றுவிடும். பொட்டு வைத்த இடத்தில் வட்டமாக வெள்ளைத் தழும்பு வருவது இதனால்தான். பொட்டை எடுத்த இடம் அரித்தாலோ வெளுத்தாலோ அந்தப் பொட்டை உடனே நிறுத்திவிட வேண்டும்.

ரயிலில் வந்த பவுடர்

பிரிட்டிஷ் காலத்தில் மலைமேல் தேயிலையும் காப்பியும் ஏலமும் தோட்டங்களாகப் பரந்தன. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் கீழே மதுரைச் சீமையிலிருந்து மலையேறிய தமிழர்கள். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக் கோடு நடுவில் வந்தாலும் வேலை நிற்கவில்லை. போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியும் முன் ஜீப்பில் ஏறி ஏலக்காட்டுக்குப் போய், இருட்டும் நேரத்தில் திரும்பும் பெண்களின் வாழ்க்கை தலைமுறைகளாகத் தொடர்கிறது.

1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். அகலப்பாதையாகி 2023இல் போடிக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. ஏலக்காய் வெளியே போன அதே பாதைகளில்தான் வெளியூர்ச் சரக்கும் உள்ளே வந்தது. சோப்பு, ஸ்நோ, டால்கம் பவுடர் எல்லாம் அந்தக் காலத்துப் புதுமைகள். பம்பாயில் ஈ.எஸ். பாடன்வாலா 1919இல் தொடங்கிய 'ஆப்கான் ஸ்நோ' இந்தியாவில் பெயர் பெற்ற முதல் முகப்பூச்சுகளில் ஒன்று. 1952இல் டாடா நிறுவனம் 'லாக்மே'யைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் குட்டிக்கூராவும் பாண்ட்ஸும் வீட்டுப் பெயர்களாகின.

டால்கம் பவுடர் அடிப்படையில் ஒரு வெள்ளைக் கல்லின் பொடி. வியர்வையை உறிஞ்சும், வழவழப்பாக இருக்கும், மணக்கும். ஆனால் அதன் நிறம் வெள்ளை. வெள்ளைக்கார முகத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. மாநிற முகத்திலோ சாம்பல் பூத்த மாதிரி தெரியும்! நம் ஊர் போட்டோ ஸ்டுடியோக்களில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றும் கட்டாயம் இருக்கும். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறமாக நிற்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இல்லாத வீடு குறைவு. தவறு முகத்தில் இல்லை. அந்த முகத்துக்கென்று ஒரு பவுடரை யாரும் செய்யவில்லை என்பதுதான் உண்மை.

பான்கேக்கும் பாரதிராஜாவும்

அடுத்து வந்தது சினிமா. ஹாலிவுட்டில் மேக்ஸ் ஃபாக்டர் வண்ணப் படங்களுக்காக 1930களின் கடைசியில் 'பான்கேக்' என்ற கட்டி மேக்கப்பைக் கொண்டுவந்தார். சென்னையில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி ஸ்டுடியோவுக்கு அது மூட்டை மூட்டையாக வந்து இறங்கியதை, அங்கே வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன் பிற்காலத்தில் கிண்டலோடு எழுதினார். பிளஸ் டூவில் ஆங்கிலப் பாடமாகப் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். சுட்டெரிக்கும் விளக்குகளுக்குக் கீழே நடிகர்களின் முகத்தில் ஓர் அடுக்குச் சாயம் ஏற்றினார்கள். அந்த முகங்களைத் திரையில் பார்த்த மக்கள், அழகு என்றால் அந்த நிறம்தான் என்று எடுத்துக்கொண்டார்கள்.

புகைப்படச் சுருளும் நமக்கு நண்பனாக இல்லை. கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்கக் கடைகளுக்கு அனுப்பிய மாதிரிப் படங்களில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். அந்தப் பெண்ணின் தோல் நன்றாக வந்தால் படம் நன்றாக வந்தது என்று கணக்கு. கறுத்த முகங்கள் விவரம் இல்லாமல் இருட்டாகப் போனது அதனாலும்தான்.

தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1977இல் '16 வயதினிலே' எடுத்தபோது கதை ஸ்டுடியோவை விட்டுக் கிராமத்துக்குப் போனது. கூரை வீடும் புழுதியும் வெயிலும் திரைக்கு வந்தன. கறுப்பு நிறக் கதாநாயகர்களைத் தமிழ்நாடு கொண்டாடவும் செய்தது. ஆனால் கதாநாயகி? அவள் மட்டும் பெரும்பாலும் வெளுத்தே இருக்க வேண்டியிருந்தது. ஆணுக்குக் கறுப்பு கம்பீரம், பெண்ணுக்குக் கறுப்பு குறை... இந்த இரட்டை அளவுகோல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

குறையை விற்ற கிரீம்

1975இல் ஹிந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் வந்த பூச்சுகள் "அழகாகலாம்" என்று சொன்னன. இது "உன் நிறம்தான் உன் பிரச்சினை" என்று சொன்னது. வேலை கிடைக்காத பெண், மாப்பிள்ளை கிடைக்காத பெண், கிரீம் பூசியதும் எல்லாம் கிடைத்துவிட்ட பெண். விளம்பரங்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இந்தக் கதை எடுபட்டதற்குக் காரணம் உண்டு. பெண் பார்க்க வருபவர்கள் "பொண்ணு நிறம் கம்மி" என்று சொல்லி எழுந்து போவதும், அதே காரணத்துக்குக் கூடுதலாக நகை கேட்பதும் விளம்பரக் கம்பெனியின் கற்பனை இல்லை. மணமகள் தேவை விளம்பரங்களில் "சிவந்த நிறம்" என்ற சொல் நெடுங்காலம் அச்சாகி வந்தது. வெயிலில் களை எடுப்பவரின் நிறம் ஒன்று, வீட்டு நிழலில் இருப்பவரின் நிறம் ஒன்று என்பதால், நிறத்தின் மீதான வெறுப்புக்குள் உழைப்பின் மீதான இளக்காரமும் சாதியும் ஒளிந்திருந்தன. ஏலக்காட்டில் காய் எடுக்கும் பெண்ணுக்கு அந்த வெயில்தான் சோறு போடுகிறது. அதே வெயில் தந்த நிறத்தை அழிக்க அவள் கூலியிலிருந்தே காசு கேட்டது சந்தை.

கூலிக்காரப் பெண் ஒரு பெரிய டியூப் வாங்க முடியாது. இங்கேதான் சாஷே வந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் சின்னச் சின்னப் பாக்கெட்டில் பொருளை விற்கும் வழியைத் தொடங்கி வைத்தார். 'வெல்வெட்' ஷாம்பு பாக்கெட் பெட்டிக்கடை வரை போனது. அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்புவோடு தனியே தொழில் தொடங்கினார். அதுவே பிறகு கெவின்கேர் ஆனது. பணக்காரர் பயன்படுத்தும் ஷாம்புவை ஏழையும் பயன்படுத்தலாம் என்ற வகையில் அது ஒரு பெரிய மாற்றம்தான். ஆனால் 1998இல் அதே நிறுவனம் குங்குமப்பூவின் பெயரோடு 'ஃபேரெவர்' சிவப்பழகு கிரீமைக் கொண்டுவந்தது. வெளுப்பின் ஆசையும் பாக்கெட்டில் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆசையின் விலை

பெரிய கம்பெனி கிரீம்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். அவை சீக்கிரம் பலன் தரவில்லை என்று நினைப்பவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்பதுதான் கவலை தருவது.

முதல் ஆபத்து பாதரசம். பாதரச உப்புகள் தோலில் மெலனின் உருவாவதைத் தடுக்கும். அதனால் சில வாரங்களில் முகம் வெளுக்கும். கூடவே பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேரும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் மருத்துவர்கள், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த ஒரு வகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதான ஒரு வகை நோய் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள்! கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

பாதரசத்தின் கொடுமையை இந்த மலைத்தொடர் வேறு வகையிலும் கண்டிருக்கிறது. போடிக்கு வடகிழக்கே இருக்கும் கொடைக்கானலில் பாண்ட்ஸ் நிறுவனம் 1983இல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கியது. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்ததும் 2001இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் சமரசம் செய்துகொள்ள 2016 வரை ஆனது. பாண்ட்ஸ் பவுடரில் பாதரசம் இருந்தது என்று யாரும் இதைப் படித்துவிட்டுக் குழம்ப வேண்டாம். அது தெர்மாமீட்டர் ஆலை. ஆனால் பாதரசம் உடலுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்து மலை பல வருடம் பேசிய பிறகும், அதே பொருளைப் பெயர் தெரியாத டப்பாவில் காசு கொடுத்து வாங்கி முகத்தில் தடவுகிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

இரண்டாவது ஆபத்து ஸ்டீராய்டு களிம்புகள். படை, அரிப்புக்கு மருத்துவர் கொடுக்கும் களிம்பு முகத்தைக் கொஞ்சம் வெளுக்க வைக்கும். அதைப் பார்த்துவிட்டு மாதக்கணக்கில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, சிவந்து, முடி முளைத்து, பரு வெடிக்கும். நிறுத்தினால் இன்னும் மோசமாகும். 2018இல் இந்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது இதனால்தான்.

திரும்பி வந்த மாநிறம்

மாற்றமும் நடந்தது. சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கியது. 2013இல் நடிகை நந்திதா தாஸ் சேர்ந்தபோது நாடெங்கும் அது பேசப்பட்டது. கறுத்தவர்களைத் துன்பப்படுபவர்களாக, தோற்றவர்களாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தர மன்றம் 2014இல் விதி வகுத்தது. 2020இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட பிறகு உலகெங்கும் எழுந்த கேள்விகளுக்கு நடுவே, 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெயர் மாறியது, மனசு மாறியதா என்ற கேள்வி நியாயமானதே.

பொருட்களும் மாறின. சிகாகோவில் கறுப்பினப் பெண்களுக்காக 1973இல் 'ஃபேஷன் ஃபேர்' தொடங்கப்பட்டது. 2017இல் பாடகி ரிஹானாவின் 'ஃபென்டி' 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்ததும் மற்ற கம்பெனிகளும் ஓடி வந்து நிறங்களைக் கூட்டின. தொழில்நுட்பம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகிய மூன்று இரும்பு ஆக்சைடுகளும் டைட்டானியம் டைஆக்சைடு என்ற வெள்ளையும்தான் ஃபவுண்டேஷனின் நிறம். வெள்ளையைக் குறைத்துச் சிவப்பையும் கறுப்பையும் கூட்டினால் மாமை நிறத்துக்குப் பொருந்தும் ஒன்று கிடைக்கும். இத்தனை வருடம் அதைச் செய்யாமல் இருந்ததற்குக் காரணம் வேதியியல் இல்லை.

நமக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இந்த வரலாற்றிலிருந்து மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் கிடைக்கும் பாடங்கள் எளிமையானவை.

ஃபவுண்டேஷனோ காம்பாக்ட்டோ வாங்கும்போது கையில் தடவிப் பார்க்காதீர்கள். தாடை ஓரத்தில் கழுத்தோடு சேர்த்துத் தடவி, கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவிய இடம் தெரியாமல் மறைந்தால் அதுதான் உங்கள் நிறம். கடைக்காரர் "ஒரு ஷேட் லைட்டா போடுங்க" என்பார். கேட்காதீர்கள், கழுத்தும் முகமும் தனித்தனியாக நிற்கும்.

டால்கம் பவுடர் முகத்துக்கு வேண்டும் என்றால் மிகக் கொஞ்சமாக, வியர்வையைத் துடைத்த பிறகு. ஈரத்தின் மேல் போட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். மஞ்சள் சாயல் கொண்ட பவுடர் மாநிறத்தில் இயல்பாகக் கலக்கும்.

உதட்டுக்கு வெளிர் ரோஜா நிறத்தைவிடச் செங்கல், அரக்கு, நாவற்பழ நிறங்கள் நமக்கு எடுப்பாக இருக்கும். கண்ணுக்குக் கறுப்பு மையை மிஞ்ச ஒன்றும் இல்லை. ஆனால் மைக்குச்சியை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ளக் கூடாது. மெட்ராஸ் ஐ பரவ அது நேர் வழி.

வெயிலில் வேலை செய்பவர்களுக்குக் கன்னத்தில் மங்கு வருவது சாதாரணம். வெளுப்பு கிரீம் அதற்கு மருந்து இல்லை. தலையில் துண்டும், நிறம் கலந்த சன்ஸ்கிரீனும் உதவும். இரும்பு ஆக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன், மங்கைக் கூட்டும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். வெள்ளையாகப் பூத்தும் தெரியாது.

மஞ்சள் பூசுபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளலாம். உண்மையான கஸ்தூரி மஞ்சளின் உட்பகுதி வெளிர் சந்தன நிறம், முகத்தில் மஞ்சளாக ஒட்டாது. அந்தப் பெயரில் கடையில் விற்பது பல சமயம் வேறு கிழங்கு.

எதை வாங்கினாலும் தயாரிப்பு உரிம எண், கலந்த பொருட்கள், காலாவதித் தேதி மூன்றும் அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் ஒப்பனைப் பொருளுக்கு இவை கட்டாயம். "ஏழே நாளில் சிவப்பு" என்று சொல்லும், முகவரி இல்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்று ஆய்வகத்தில்தான் தெரியும். புதிய பொருளை முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். ஏற்கனவே வெளுப்பு கிரீம் பூசி வருபவர்களுக்குக் கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தெரிந்தால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நோயின் காரணம் தெரியாமலே போய்விடும்.

ஏலக்காய்க்கு நிறம் பார்த்து விலை சொல்லட்டும். அது சரக்கு, அதற்கு வாய் கிடையாது. வாங்க வருகிறவன் வெள்ளை கேட்டால் வெளுத்தும், பச்சை கேட்டால் பச்சையாகவும் அது போகும். மனுஷிக்கு அப்படிப் போக வேண்டிய அவசியம் இல்லை. மாந்தளிரைப் பார்த்து அழகு என்று பெயர் வைத்த மொழி நம்முடையது. அடுத்த முறை கடையில் "சிவப்பா ஆகிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பதற்குப் பதிலாக, "என் நிறத்துக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள். நாலு பேர் அப்படிக் கேட்டால், ஐந்தாவது ஆளுக்கு அந்த நிறம் கடையில் இருக்கும்.